லாங்போர்டின் ஃபின் பாக்ஸ்: அடிபட்டால் சரிசெய்யும் முறை

அலைச்சறுக்கில் 9 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள பலகைக்கு லாங்போர்டு என்று பெயர். அதன் அடிப்பக்கத்தில், வாலை ஒட்டி, மீன் துடுப்பைப் போல நிமிர்ந்து நிற்பது ஃபின். பலகை நேராக ஓடுவதும், சறுக்குபவர் நினைத்த பக்கம் திரும்புவதும், அலையின் சரிவில் வால் வழுக்கிப் போகாமல் இருப்பதும் ஃபினால்தான். அந்த ஃபினைச் செருகித் திருகால் முடுக்குவதற்காகப் பலகைக்குள் பதித்திருக்கும் பிளாஸ்டிக் பள்ளமே ஃபின் பாக்ஸ். பலகையில் அதிக விசை வந்து விழும் இடம் இது. இங்கே விழும் விரிசல் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே இறங்கும் தண்ணீர் பலகையையே கெடுத்துவிடும்.

அலைச்சறுக்குப் பலகையில் முதன்முதலாக ஃபின் பொருத்தியவர் டாம் பிளேக். 1935இல் ஹவாயின் வைக்கிக்கி கடற்கரையில், ஒரு விசைப்படகின் அடிப்பாகத்திலிருந்து எடுத்த உலோகத் துண்டைத் தன் பலகையின் வாலில் அவர் பொருத்தினார். அதற்கு முன்பு காலைத் தண்ணீரில் இழுத்துத்தான் பலகையைத் திருப்ப வேண்டியிருந்தது. அடுத்த சில பத்தாண்டுகளுக்கு ஃபின்கள் பலகையோடு நிரந்தரமாக ஒட்டப்பட்டே வந்தன. ஃபின் உடைந்தால் பலகையிலேயே வைத்துத் திருத்த வேண்டும். வண்டியில் ஏற்றுவதும் தொல்லை. கழற்றி மாட்டும் ஏற்பாடுகள் 1960களில் பரவத் தொடங்கின. அந்த வரிசையில் வந்து நிலைத்துவிட்டது, 'யு.எஸ். பாக்ஸ்' என்றும் பில் பானேயின் பெயரால் 'பானே பாக்ஸ்' என்றும் அழைக்கப்படும் நீளமான பாக்ஸ். ஒற்றை ஃபின் கொண்ட லாங்போர்டுகளில் இன்றும் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

பாக்ஸின் அமைப்பு

பரவலாகப் புழங்கும் பாக்ஸின் நீளம் 10½ அங்குலம். அகலமும் ஆழமும் ஏறத்தாழ 1 அங்குலம். நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம். பள்ளத்தின் இரண்டு உட்சுவர்களிலும் ஒரு காடி ஓடுகிறது. ஃபினின் அடியில் பின்பக்கம் குறுக்காக ஒரு சிறு ஊசி உண்டு. அது காடிக்குள் இறங்கி நகரும். முன்பக்கத்தை ஒரு திருகும், காடிக்குள் நகரும் சதுரத் தகடும் பிடித்துக்கொள்ளும். பள்ளம் நீளமாக இருப்பதால் ஃபினை முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கலாம். முன்னே தள்ளினால் பலகை எளிதில் திரும்பும். பின்னே தள்ளினால் பிடிப்பு கூடும், ஓட்டம் நேராகும்.

பலகையின் உள்ளே இருப்பது லேசான ஃபோம். அதன் நடுவில் மூக்கிலிருந்து வால்வரை ஸ்டிரிங்கர் என்னும் மெல்லிய மரச்சட்டம் ஓடுகிறது. இவற்றின் மேல் கண்ணாடியிழைத் துணியும் ரெசின் என்னும் பிசினும் சேர்ந்து கெட்டியான தோலாக மூடியிருக்கும். பாக்ஸுக்காகத் தோலையும் ஃபோமையும் ஸ்டிரிங்கரையும் வெட்டிக் குழி எடுக்கிறார்கள். குழியில் ரெசின் ஊற்றிப் பாக்ஸை இறக்கி, அதன் விளிம்புகளுக்கு மேல் கண்ணாடியிழைத் துணியைப் போர்த்துகிறார்கள். ஃபோமை விரல் நகத்தால் கீறினாலே பள்ளம் விழும். தனியாக அது எந்த விசையையும் தாங்காது. பாக்ஸ் மீது வரும் விசையை வாங்கிச் சுற்றிலும் பரப்பிவிடுவது அந்தத் துணிதான். பழுது எவ்வளவு பெரிதானாலும், துணியும் தோலும் மறுபடி ஒன்றாகப் பிணைந்தால்தான் வேலை நிலைக்கும். வெளியே ரெசினைப் பூசி விரிசலை மறைப்பதால் பயன் இல்லை.

விசை எவ்வளவு என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஃபின் 9 அங்குல உயரம் இருந்தால், தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும் விசையின் மையம் பாக்ஸிலிருந்து 4 அங்குலம் அளவுக்கு வெளியே இருக்கும். ஃபினைப் பாக்ஸ் பிடித்திருக்கும் ஆழமோ 1 அங்குலத்துக்கும் குறைவு. நெம்புகோலின் விதிப்படி, 10 கிலோ அழுத்தம் பாக்ஸின் சுவரில் 50 கிலோவுக்கு மேல் பெருகி விழும். அலையில் திரும்பும்போதே இந்த நிலை என்றால், ஃபின் பாறையிலோ மணல் திட்டிலோ மோதும்போது என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பழுதின் வகைகள்

பழுது பெரும்பாலும் நான்கு விதமாக வரும். முதலாவது, பாக்ஸைச் சுற்றி ஓடும் மயிரிழை விரிசல். பாக்ஸ் அசையாமல் இருக்கும்; துணி மட்டும் விளிம்பில் விட்டிருக்கும். இரண்டாவது, காடியின் சுவர் உடைவது. திருகை அளவுக்கு மீறி முடுக்கினாலும், ஃபின் எதிலாவது மோதினாலும் இது நேரும். மூன்றாவது, பாக்ஸ் முழுதும் குழிக்குள் ஆட்டம் காண்பது. நான்காவது, மோதலில் பாக்ஸ் ஃபோமையும் தோலையும் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடுவது.

மோதல் கடலில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. ஃபினைக் கழற்றாமல் வண்டியின் கூரையில் கட்டுவது, விமானச் சரக்கில் அனுப்புவது, சுவரில் சாய்த்த பலகை சரிந்து ஃபின் மீது விழுவது ஆகியவற்றாலும் பாக்ஸ் உடைகிறது. துருப்பிடித்த திருகு, தொலைந்துபோன தகடு, காடியில் இறுகிய மணல் ஆகியவையும் பாக்ஸ் கெட்டுவிட்டதுபோலத் தோன்றவைக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, ஊசியால் மணலைக் கிளறி எடுத்து, புதுத் திருகும் தகடும் போட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

சோதித்துப் பார்த்தல்

மெத்தென்ற துணி விரித்த இரண்டு தாங்கிகள் மீது பலகையைக் கவிழ்த்து வைத்து, ஃபினை மாட்டி முடுக்க வேண்டும். ஃபினின் நுனியை இரண்டு விரல்களால் பிடித்து, பார்வையைப் பாக்ஸின் விளிம்பில் வைத்து, இடமும் வலமும் மெல்ல ஆட்ட வேண்டும். பாக்ஸ் அசையாமல் ஃபின் மட்டும் ஆடினால் ஃபினின் அடிப்பகுதி மெலிதாக இருக்கிறது என்று பொருள். அதன் இரு பக்கமும் டேப் ஒட்டித் தடிமனைக் கூட்டினால் போதும். ஃபினோடு பாக்ஸும் அசைந்தால், விளிம்பை ஒட்டி ஒரு கோடு திறந்து மூடுவது தெரியும். சில பலகைகளில் அந்தக் கோட்டின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்து நிற்கும். தண்ணீர் உள்ளே போய்விட்டது என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம். பாக்ஸைச் சுற்றிப் பழுப்பு நிறம் படர்ந்திருந்தால் நீர் நெடுநாளாகவே இறங்கியிருக்கிறது.

பலகையைத் திருப்பி மேல்பக்கத்தையும் பார்க்க வேண்டும். வால் பகுதியில் பலகை மெலிதாவதால் பாக்ஸின் அடிப்புறம் மேல்தோலுக்கு வெகு அருகில் இருக்கும். அங்கே குழிவோ கீறலோ தெரிந்தால் அடி இரண்டு பக்கமும் போயிருக்கிறது. சீரமைப்பும் இரண்டு பக்கமும் செய்ய வேண்டியிருக்கும்.

உலர்த்துதல்

அதிகம் பேர் அவசரப்படும் கட்டம் இது. ஈர ஃபோமின் மேல் ரெசின் பிடிக்காது. பிடித்ததுபோல இருந்தாலும் சில நாளில் விட்டுவிடும். விரிசலை உப்புத்தாளால் தேய்த்துத் திறந்து, நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் உள்ளே தங்கும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு வால் கீழே இருக்கும்படி, காற்றோட்டமான நிழலில் நிறுத்திவைக்க வேண்டும். நீர் எவ்வளவு போயிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகும். வெயிலிலோ மூடிய காருக்குள்ளோ வைத்தால் ஃபோமில் அடைபட்ட காற்று விரிந்து, தோல் ஃபோமை விட்டு உப்பிக்கொள்ளும்.

உலர்ந்துவிட்டதா என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. பலகையைத் தினமும் எடை போட்டு, எடை குறைவது நிற்கும்வரை காத்திருக்கலாம். அல்லது, திறந்த இடத்தின் மேல் கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் தாளைக் காற்றுப் புகாமல் ஒட்டி ஓர் இரவு விட்டுவைக்கலாம். காலையில் தாளின் உட்புறத்தில் ஈரம் முத்துக்கட்டியிருந்தால் இன்னும் காயவில்லை.

எந்த ரெசின்?

ரெசினில் இரண்டு வகை: பாலியெஸ்டர், எபாக்ஸி. பலகையின் உள்ளே பாலியூரித்தேன் ஃபோம் இருந்தால் இரண்டுமே ஒத்துவரும். உள்ளே இருப்பது இ.பி.எஸ். ஃபோம், அதாவது தெர்மாகோல் வகை என்றால் எபாக்ஸி மட்டுமே ஆகும். பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் கலந்திருக்கிறது. அது தெர்மாகோலைக் கரைத்துவிடும். பிய்ந்த இடத்தில் சிறு மணிகள் சேர்ந்தாற்போலத் தெரிந்தால் அது இ.பி.எஸ்.; மாவுபோல நுண்ணியதாக உதிர்ந்தால் பாலியூரித்தேன். தெளிவாகத் தெரியாதபோது எபாக்ஸியையே எடுப்பது நல்லது. பழைய பாலியெஸ்டர் தோல் மீது எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். எபாக்ஸி தோல் மீது பாலியெஸ்டர் அவ்வளவாகப் பிடிக்காது.

தமிழகக் கடற்கரையில் இந்தப் பொருட்கள் புதியவை அல்ல. ஃபைபர் படகு கட்டும், பழுது பார்க்கும் பட்டறைகளில் பாலியெஸ்டர் ரெசினும் கண்ணாடியிழை மேட்டும் அன்றாடம் புழங்குகின்றன. கோவளம், மாமல்லபுரம் போன்ற இடங்களில் படகும் சறுக்குப் பலகையும் ஒரே மணலில்தான் கிடக்கின்றன. ஆயினும் படகுப் பட்டறைப் பொருளை அப்படியே பலகைக்குக் கொண்டுவருவதில் சிக்கல் உண்டு. மேட் தடிமனானது, ரெசினை நிறையக் குடித்துக் கனம் கூட்டும். அதன் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பெரும்பாலும் ஸ்டைரீனில் கரைவதற்காக அமைந்தது என்பதால் எபாக்ஸியில் சரியாக நனையாது. பலகைக்கு ஏற்றது நெய்த துணி. 4 அவுன்ஸ், 6 அவுன்ஸ் என்று விற்கப்படும் இத்துணிகளின் எடை சதுர மீட்டருக்கு முறையே சுமார் 135 கிராம், 200 கிராம்.

பாலியெஸ்டரை இறுகவைக்க எம்.இ.கே.பி. என்னும் திரவத்தை 1 முதல் 2 விழுக்காடு சேர்க்கிறார்கள். 100 மில்லி ரெசினுக்கு 1 முதல் 2 மில்லி. வெயில் காலத்தில் குறைவாகச் சேர்த்தாலே போதும். இது கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கக்கூடியது. படகுப் பட்டறைகளில் வேகம் கூட்டுவதற்காக வைத்திருக்கும் கோபால்ட் கரைசலோடு எம்.இ.கே.பி.யை ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, தீப்பற்றும், வெடிக்கும். எபாக்ஸியில் ரெசினுக்கும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னருக்கும் உள்ள விகிதத்தைத் தயாரிப்பாளர் டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார். பலகைக்கான எபாக்ஸிகள் பலவற்றில் அது 2க்கு 1. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டினால் கலவை கடைசிவரை பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

கலந்த எபாக்ஸியைக் குறுகிய கோப்பையில் மொத்தமாக விட்டுவைப்பதும் தவறு. கலவை தன் சூட்டிலேயே மேலும் சூடாகும். கை பொறுக்காத அளவுக்குக் கொதித்து, புகைந்து, கோப்பையே வளைந்துபோகும். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிவிட்டால் சூடு பரவி, வேலை செய்ய நேரம் கிடைக்கும்.

மயிரிழை விரிசலுக்கு

பாக்ஸ் அசையாமல் விரிசல் மட்டும் இருந்தால் அரைநாள் வேலைதான். பள்ளத்தை டேப்பால் மூடிவிட்டு, விளிம்பைச் சுற்றி 2 முதல் 3 அங்குல அகலத்துக்கு 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பு போய் வெளுத்துத் தெரியச் செய்ய வேண்டும். விரிசலைக் கத்தி முனையால் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் திறக்க வேண்டும். தூசியைத் துடைத்த பின், அரைத்த கண்ணாடியிழைத் தூள் கலந்த ரெசினை அதில் அழுத்தி நிரப்ப வேண்டும். தூள் கிடைக்காவிட்டால் துணியின் இழைகளைக் கத்தரியால் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம். கார் பட்டறையில் பார்க்கும் பட்டி இதற்கு ஆகாது. தண்ணீரை உறிஞ்சும், அதிர்வில் உதிரும்.

நிரப்பியதன் மேல், நீள்வட்டமாக வெட்டிய துணியை இரண்டு அடுக்காகப் போட வேண்டும். முதல் அடுக்கு பாக்ஸைத் தாண்டி 1 அங்குலமும், அடுத்தது 2 அங்குலத்துக்கு மேலும் பரவியிருக்கட்டும். துணி கண்ணுக்குத் தெரியாமல் போகும் அளவுக்கு நனைந்தால் போதும். அதற்குமேல் நிற்கும் ரெசினை ரப்பர் தகட்டால் வழித்துவிடலாம்.

பாக்ஸை மாற்றுவதற்கு

சுவர் உடைந்த பாக்ஸையும் ஆட்டம் காணும் பாக்ஸையும் அகற்றிவிட்டுப் புதிதாகப் பதிப்பதே வழி. வெட்டத் தொடங்கும் முன் பழைய பாக்ஸின் பின் முனையிலிருந்து வால் நுனிவரையும், இரு ஓரங்கள்வரையும் அளந்து எழுதிவைக்க வேண்டும். பிய்த்த பிறகு அளவு எடுக்க இடம் இருக்காது.

அகற்றுவதற்கு, குழி வெட்டும் ரூட்டர் இயந்திரமும் அச்சுப் பலகையும் இருந்தால் வேலை சுத்தமாக வரும். பாக்ஸின் வெளிவிளிம்பை ஒட்டித் தோலை வெட்டி, சுவர்களைத் துண்டு துண்டாக உளியால் எடுக்க வேண்டும். நெம்பி இழுத்தால் நல்ல ஃபோமும் சேர்ந்து வரும். ரூட்டரின் ஆழத்தைப் பாக்ஸின் ஆழத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக மட்டும் வைக்க வேண்டும்; இன்னும் இறங்கினால் பிளேடு மேல்தோலைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும்.

குழியில் கறுத்து நைந்த ஃபோம் இருந்தால் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் அதே வகை ஃபோம் துண்டை ஒட்டி, இறுகிய பின் மறுபடி குழி எடுக்க வேண்டும். பெரிய வெற்றிடத்தை வெறும் ரெசினால் நிரப்பக் கூடாது. கனம் கூடுவது ஒருபுறம். கெட்டியாக ஊற்றிய ரெசினின் சூட்டில் தெர்மாகோல் உருகிக் குழி இன்னும் பெரிதாகும்.

புதுப் பாக்ஸின் வெளிச்சுவர்களை 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்க வேண்டும். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் ரெசின் ஒட்டாது. பள்ளத்தின் வாயை டேப்பால் மூட வேண்டும். குழியின் சுவர்களுக்கு ரெசின் தடவி, அளவாக வெட்டிய துணியைக் குழிக்குள் விரித்து, இழைத்தூள் கலந்த ரெசினைப் பாதியளவு ஊற்றிப் பாக்ஸை மெல்ல அழுத்தி இறக்க வேண்டும். நான்கு பக்கமும் ரெசின் பிதுங்கி வந்தால் உள்ளே காற்று தங்கவில்லை என்று அறியலாம். பாக்ஸின் மேல்விளிம்பு பலகையின் பரப்பைவிட நூலளவு உயர்ந்து நிற்கட்டும். பின்னால் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

ரெசின் இறுகும் முன் ஃபின் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளத்தின் டேப்பில் ஃபின் நுழையும் அளவுக்கு மட்டும் கீறி, மெழுகு தடவிய ஃபினை மாட்டி, மூக்கின் நடுவிலிருந்து வாலின் நடுவரை நூல் பிடித்தால் ஃபின் அந்தக் கோட்டிலேயே நிற்க வேண்டும். செங்குத்தாக நிற்கிறதா என்பதை மூலைமட்டம் வைத்துப் பார்க்கலாம். வாலின் அடிப்புறம் வளைந்திருக்கும் பலகைகளில் மூலைமட்டம் ஏமாற்றும். அங்கே ஃபினின் நுனியிலிருந்து இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் உள்ள தூரம் சமமா என்று அளப்பதே சரி. சரியானதும் ஃபினை டேப்பால் இரு பக்கமும் இழுத்துக் கட்டி அசையாமல் விட வேண்டும். கோட்டை விட்டு விலகிய ஃபின் பலகையை ஒரு பக்கமாகவே இழுக்கும்; மறுபடி வெட்டி எடுப்பதைத் தவிர அதற்கு மாற்று இல்லை.

இறுகிய பின் ஃபினைக் கழற்றி, பள்ளத்தை மீண்டும் மூடி, விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்தி, முன்பு சொன்னபடி இரண்டு அடுக்குத் துணி போர்த்த வேண்டும். பாக்ஸ் முழுதும் பிய்ந்து போன இடத்தில் மூன்றாவதாக ஓர் அடுக்கும், எதிர்ப்பக்க மேல்தோலில் ஓர் அடுக்கும் போடுவது நல்லது. துணி இறுகியதும் பள்ளத்தின் மேலிருக்கும் பகுதியைக் கூரிய கத்தியால் கீறித் திறக்கலாம்.

மெருகும் பாதுகாப்பும்

துணியின் நெசவு தெரியாமல் மறையும்படி மேலே ஒரு பூச்சு ரெசின் வேண்டும். பாலியெஸ்டர் பயன்படுத்துவோர் இந்தக் கடைசிப் பூச்சுக்கு மெழுகு கலந்த ரெசினையே எடுக்க வேண்டும். மெழுகு மேலே மிதந்து காற்றைத் தடுப்பதால்தான் பரப்பு பிசுபிசுப்பு இல்லாமல் இறுகும். பிறகு 80, 120, 220 என்று உப்புத்தாளின் எண்ணைக் கூட்டிக்கொண்டே போய், தண்ணீர் தொட்டு 400 எண் தாளில் முடிக்கலாம். தேய்க்கும்போது நெசவு மீண்டும் தெரியத் தொடங்கினால் உடனே நிறுத்த வேண்டும். வலிமை தரும் துணியே அரைபடத் தொடங்கிவிட்டது.

கண்ணாடியிழைத் தூசி தோலை அரிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. தேய்க்கும்போது தூசிக்கான முகக்கவசமும், ரெசின் வேலையின்போது ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகக்கவசமும் வேண்டும். கையுறையும் கண்ணாடியும் எல்லாக் கட்டத்திலும் அவசியம். எபாக்ஸி அடிக்கடி தோலில் பட்டால் சிலருக்கு வாழ்நாள் முழுதும் நீடிக்கும் ஒவ்வாமை வந்துவிடும்.

எபாக்ஸி தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு நாளில் வந்துவிட்டாலும், முழு வலிமைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதற்குள் கடலில் இறக்கினால் புதுப் பிணைப்பு தளரும். முதல் தடவை சறுக்கி வந்ததும் ஃபினை ஆட்டிப் பார்க்கும் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். விளிம்பில் கோடு தெரியவில்லை, ஈரம் கசியவில்லை என்றால் பழுது தீர்ந்தது.

ஸ்டிரிங்கர் நெடுக முறிந்திருந்தாலும், வால் முழுதும் தோல் ஃபோமை விட்டு உப்பியிருந்தாலும் பலகை செய்யும் தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. மற்றபடி பாக்ஸைக் காப்பதற்கு வேண்டியவை சில பழக்கங்கள்தான். பயணத்துக்கு முன் ஃபினைக் கழற்றுவது, சறுக்கி முடித்ததும் நல்ல தண்ணீரால் காடியைக் கழுவுவது, திருகை விரல் பலத்துக்குச் சற்றே கூடுதலாக மட்டும் முடுக்குவது, கரை நெருங்கும்போது ஃபின் மணலைத் தொடும் முன் இறங்கிவிடுவது ஆகியவை. விரிசல் கண்ணில் பட்ட அன்றே கடலில் இறக்குவதை நிறுத்திவிட்டால், அரைநாள் வேலையோடு போகும்; விட்டுவைத்தால் பாக்ஸையே மாற்ற வேண்டியதாகிவிடும்.